முதலாளி நீ; முடிவு எமது!

கோயில் ஊருக்குப் பொது என்றனர் பெரியோர். கல் சுமந்தவன், மதில் எழுப்பியவன், தேர்வடம் பிடித்தவன், திருவிழாவுக்கு வரி கொடுத்தவன் அனைவருக்கும் அது சொந்தம் என்றனர். சொந்தக்காரனும் பெருமிதத்தோடு கோபுர வாயில் கடந்தான், கொடிமரம் கடந்தான், மண்டபத்தை அடைந்தான். அதற்கப்பால் ஓர் அடி எடுத்து வைத்தபோது, "நில் அங்கே!" என்றொரு குரல் எழுந்தது. கோயில் உன்னுடையதுதான், கருவறை மட்டும் உன்னுடையதன்று! தலைமுறை தலைமுறையாக இந்த விந்தை நீதியைக் கேட்டுப் பழகிய நாட்டிலே பிறந்தவர்கள் நாம். ஆகவே, நிருவாகவியல் நூல்களிலே புதுச்சரக்கென விற்கப்படும் ஒரு கொள்கையை அண்மையில் படித்தபோது, எங்கேயோ கேட்ட குரல் இது என்ற நினைவே நமக்கு முதலில் வந்தது.

கொள்கை யாதெனில்: நிறுவனத்தின் பங்குகளை அதில் உழைப்போர்க்கே கொடுத்துவிடு. பங்கு கைக்கு வந்துவிட்டால் தொழிலாளி முதலாளி ஆகிவிடுகிறான். முதலாளி ஆனவன் சோம்பியிரான், பொருளை வீணாக்கான், வேலைநிறுத்தம் பற்றிக் கனவிலும் எண்ணான். இவ்வளவும் சொல்லிவிட்டு, அதே நூல்கள் அடுத்த இயலிலே கன்னத்தில் கைவைத்துக் கவலைப்படுகின்றன: "பங்கு பெற்ற தொழிலாளர்க்கு ஊக்கம் ஊட்டுவது எவ்வாறு? அவர்களை ஈடுபாடு கொள்ளச் செய்வது எவ்வாறு?" வழிகளும் கூறப்படுகின்றன. பாராட்டு மடல் தரலாமாம். மாதந்தோறும் சிறந்த ஊழியரின் படத்தைச் சுவரிலே மாட்டலாமாம். ஆண்டுக்கொருமுறை 'உடைமையாளர் நாள்' கொண்டாடி இனிப்பு வழங்கலாமாம்!

பஞ்சாலை முதலாளிக்கு ஊக்கமூட்ட எவரேனும் நூல் எழுதியதுண்டா, தோழர்களே? வட்டிக்கடைக்காரரை ஈடுபாடு கொள்ளச் செய்ய எந்த ஊரிலாவது கருத்தரங்கு கூட்டினார்களா? தன் பெட்டியைத் தானே பூட்டித் தானே திறப்பவனுக்கு ஊக்கம் ஊட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. பொங்கலுக்கு மறுநாள் மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டுகிறோம், கழுத்திலே மாலை சூட்டுகிறோம், வயிறாரச் சோறும் ஊட்டுகிறோம். அதனால் மாடு வயலுக்கு உடையவன் ஆகிவிடுவதில்லையே! ஊக்கம் ஊட்டித்தான் தீரவேண்டும் என்ற நிலை ஒரு நிறுவனத்திலே இருக்குமானால், அங்கே வழங்கப்பட்ட உடைமையில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று ஐயுறுவதே அறிவுடைமை.

இந்தக் கொள்கைக்கு மூலவர் என்று சொல்லத்தக்கவர் லூயி கெல்சோ என்னும் அமெரிக்க வழக்கறிஞர். 1956-இல் கலிபோர்னியாவில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் பங்குகள் ஊழியர்களிடம் போய்ச் சேர அவர் வழிவகுத்தார். 1958-இல் மார்ட்டிமர் ஆட்லர் என்னும் தத்துவ ஆசிரியருடன் சேர்ந்து நூலும் எழுதினார். பெயர் என்ன தெரியுமோ? 'முதலாளித்துவ அறிக்கை'! மார்க்சும் எங்கெல்சும் விடுத்த அறிக்கைக்கு எதிர்ப்பாட்டு. கெல்சோவை நாம் ஏளனம் செய்ய விரும்பவில்லை. சிலரிடம் குவிந்து கிடக்கும் மூலதனம் பலரிடம் பரவவேண்டும் என்று அவர் எண்ணியது மெய். அந்த எண்ணம் நல்லெண்ணம். ஆனால் அவர் பரப்ப எண்ணியது மூலதனத்தை. ஆணையிடும் உரிமையைப் பரப்புவது அவருடைய கவலையாக இருக்கவில்லை. 1974-இல் அமெரிக்கச் சட்டம் அத்திட்டத்துக்கு இடமளித்தது. வரிச்சலுகைகளும் கிடைத்தன. பிறகு கேட்கவேண்டுமா? ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தம் தொழிலாளரை 'உடைமையாளர்' ஆக்கின.

அவற்றுள் மிகப் பெரியதெனப் பேசப்பட்ட ஒன்றை மட்டும் பார்ப்போம். யுனைடெட் ஏர்லைன்ஸ் என்னும் விமான நிறுவனம், 1994-இல் தன் பங்குகளில் 55 விழுக்காட்டைத் தொழிலாளர்க்கு அளித்தது. இலவசமாகவா? விமானிகள், பொறிவினைஞர்கள், அலுவலக ஊழியர்கள் ஆகியோர், சில ஆண்டுக்காலத்துக்கு ஏறத்தாழ 490 கோடி டாலர் மதிப்புள்ள ஊதியத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுத்தனர். விமானப் பணிப்பெண்களும் ஆண்களும் அடங்கிய சங்கம் இந்த ஏற்பாட்டில் சேர மறுத்து வெளியே நின்றது. கொடுத்த பங்கும் கையில் வைத்து விற்கத்தக்கதன்று. பொறுப்பாண்மையிடம் இருக்கும், வேலையை விட்டு விலகும்போது வரும். சரி, ஆளும் உரிமை? இயக்குநர் அவையில் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றுள் தொழிலாளர் பக்கத்துக்கு மூன்று! நூற்றுக்கு 55 பங்கு உடையவனுக்குப் பன்னிரண்டில் எத்தனை என்று நம் வகுப்புச் சிறுவனைக் கேட்டால், விரலை மடக்கி 'ஆறு, ஏழு' என்பான். மூன்று என்று எழுதினால் நாம் சுழியம் போடுவோம்!

தொடக்கத்திலே உற்சாகம் இருந்தது, மறுப்பதற்கில்லை. பங்கின் விலை ஏறிற்று. விளம்பரங்களிலே உடைமையாளரின் முகங்கள் புன்னகை பூத்தன. ஆனால் பழைய மேலாளர் பழைய நாற்காலியிலேயே இருந்தார். பழைய ஆணை பழைய குரலிலேயே வந்தது. வெட்டப்பட்ட ஊதியம் எப்போது திரும்பும் என்ற கேள்விக்கு விடை தாழ்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கோடையில் விமானிகள் கூடுதல் நேரப் பணியை மறுத்தனர். விமானங்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. 'முதலாளிகள்' தம் சொந்த நிறுவனத்துக்கு எதிராகவே கைகட்டி நின்ற காட்சி! 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு அளித்தது; தொழிலாளர் கையிலிருந்த பங்கு வெறும் தாளாயிற்று. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் அந்நாட்டு விமானத் தொழில் முழுதும் தள்ளாடியதை மறைத்து, பழி அனைத்தையும் பங்குத் திட்டத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. எனினும் 2000-இன் கோடை, 2001-க்கு முந்தியது. அதை மறக்கலாகாது.

நம் சென்னையிலே பிறந்த மென்பொருள் நிறுவனம் ஒன்று 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது, அதன் ஊழியருள் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் கோடீசுவரர் ஆயினர் என்று ஏடுகள் கொட்டை எழுத்தில் எழுதின. உழைத்தவன் வீட்டுக்குச் செல்வம் போவதில் நமக்கு மகிழ்ச்சியே. அதைக் கண்டு முகம் சுளிக்க நாம் துறவிகள் அல்லர். ஆனால் செல்வம் பெறுவது ஒன்று, சொல் செல்லுபடியாவது மற்றொன்று. ஜமீன்தாரிடம் பரிசு பெற்ற கவிராயர் ஜமீனை ஆண்டதில்லை.

இனி, ஊக்கம் என்பதை எவரும் ஊட்டாமலே அது ஊற்றெடுத்த ஓர் இடத்துக்குப் போவோம். தொலைவில் இல்லை. அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாய் இருந்த மலபாரில், வடகரைக்கு அருகே உள்ள ஊராளுங்கல். ஆண்டு 1925. சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி. ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வெளிவரத் தொடங்கிய ஆண்டு; காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை உதறி வெளியேறிய ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஊராளுங்கல் கூலித் தொழிலாளர் பதினால்வர் கூடி, தமக்குள் ஒரு பரசுபர உதவிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். ரூபாயில் எண்ணத்தக்க முதல் அவர்களிடம் இல்லை, அணாவில் எண்ணினார்கள்.

ஏன் கூடினர்? பொருளாதார நூல் படித்தா? பங்கு ஈவின் மேல் ஆசை கொண்டா? இல்லை. வாக்படானந்தர் என்பவர் 1917-இல் ஆத்மவித்யா சங்கம் என்றோர் அமைப்பை நிறுவி, சாதி உயர்வு தாழ்வையும், உருவ வழிபாட்டையும், உயிர்ப்பலியையும், கள்ளையும் எதிர்த்து ஊரூராய்ப் பேசி வந்தார். அத்வைதம் பேசியவர் அவர். அவருடைய ஆத்மாவும் பிரம்மமும் நமக்கு உடன்பாடல்ல. அவற்றை அவரிடமே விட்டுவிடுவோம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட தீயர் சமூகத்து உழைப்பாளி, 'நான் எவனுக்கும் தாழ்ந்தவனல்லன்' என்று நிமிர்ந்தான். நிமிர்ந்தவனை நிலக்கிழார் பொறுப்பாரோ? சங்கத்திலே சேர்ந்தவர்க்கு வேலை இல்லை என்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே இடமில்லை என்றனர். வயிற்றிலே அடித்தால் வளைந்து வருவான் என்பது ஆதிக்கத்தின் பழைய கணக்கு. கணக்குப் பொய்த்தது. பள்ளி தராவிட்டால் நாமே பள்ளி வைப்போம் என்றனர், வைத்தனர். கடன் தராவிட்டால் நாமே நாணயச் சங்கம் அமைப்போம் என்றனர், அமைத்தனர். வேலை தராவிட்டால் நாமே ஒப்பந்தம் எடுப்போம் என்று எழுந்ததே இந்தத் தொழிலாளர் சங்கம்.

நெடுங்காலம் அது சிறியதாகவே இருந்தது. சிற்றூர்ச் சாலை, சிறு பாலம், மண்வேலை. பெரிய ஒப்பந்தக்காரர்கள் நகைத்திருப்பார்கள். ஆனால் மண் சுமந்தவனே அங்கே பேரவையில் கை தூக்கினான். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. உறுப்பினர் நடுவிலிருந்தே இயக்குநர் வந்தனர். எந்தப் பணியிடத்தில் சல்லி வீணாயிற்று, எந்த இடத்தில் ஆள் குறைந்தது, எந்தக் கணக்கு இடிக்கிறது என்பதெல்லாம் பணித்தலப் பொறுப்பாளர் கூடிப் பேசும் பேச்சாயிற்று. இன்று அச்சங்கம் நெடுஞ்சாலை போடுகிறது, மேம்பாலம் கட்டுகிறது. கோழிக்கோட்டில் 2016-இல் திறக்கப்பட்ட மென்பொருள் பூங்காவும் அதற்கு உண்டு. உலகத் தொழிற் கூட்டுறவுகளின் வரிசையில் முன்னணியில் வைத்து எண்ணப்படுகிறது. குறையே இல்லை என்று நாம் புராணம் பாட வரவில்லை. 2022 மே மாதத்தில், சாலியாற்றின் குறுக்கே கூளிமாட்டில் அச்சங்கம் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் உத்தரங்கள் மூன்று சரிந்து விழுந்தன. ஈடுபாடு உள்ள கையும் தவறு செய்யும். பொறியியலுக்குப் பக்தியும் தெரியாது, தோழமையும் தெரியாது.

நாம் கவனிக்க வேண்டுவது இது: அந்தப் பதினால்வருக்கு முதலில் வந்தது தன்மானம். சங்கம் அதற்குப் பின் வந்தது. பங்கு என்பது அச்சங்கத்தில் சேர்ந்ததற்கான ரசீது. யுனைடெட் நிறுவனத்தார் ரசீதை முதலில் கொடுத்துவிட்டு, தன்மானம் பின்னால் தானே வந்து சேரும் என்று காத்திருந்தார்கள்!

வடகரைக்கு வடக்கே கண்ணூர். அங்கே வேறொரு பாடம் கிடைக்கிறது. பீடித் தொழிலாளர்க்குச் சில உரிமைகளை அளிக்கும் சட்டம் 1966-இல் வந்தது. கேரள அரசு அதைச் செயற்படுத்த முனைந்தபோது, மங்களூரைச் சேர்ந்த பீடி முதலாளிகள், 'சட்டமா? இதோ பூட்டு!' என்று 1968-இல் கண்ணூர்ப் பட்டறைகளை மூடினர். ஏறத்தாழ 12,000 பேர் தெருவில் நின்றனர். அவர்களுக்காக 1969-இல் அரசின் துணையோடு எழுந்ததே தினேஷ் பீடிக் கூட்டுறவு. அதன் வரலாற்றைத் தாமஸ் ஐசக், ரிச்சர்ட் பிராங்கி, பியாராலால் ராகவன் ஆகிய மூவரும் எழுதி, 1998-இல் நூலாக வந்திருக்கிறது. தொழிலாளர் இயக்கத்தில் ஆர்வமுள்ள இளைஞர் தேடிப் படிக்கத்தக்க நூல்.

கண்ணூர்ப் பீடிப் பட்டறைகளிலே, கூட்டுறவு தோன்றுவதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஓர் அரிய வழக்கம் இருந்தது. வரிசை வரிசையாய் உட்கார்ந்து கைகள் இலை சுருட்டும். ஒருவர் மட்டும் சுருட்டாமல் நாளிதழை உரக்கப் படிப்பார். அவர் இழக்கும் கூலிக்கு ஈடாக மற்றவர்கள் தாம் சுருட்டிய பீடிகளில் சிலவற்றைக் கொடுப்பார்கள். செய்தி முடிந்தால் தலையங்கம். தலையங்கம் முடிந்தால் நாவல். கை ஓயாது, காதும் ஓயாது! எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி கூட உலக அரசியல் பேசினான் என்றால் அதற்கு இந்தப் பட்டறைப் படிப்பே காரணம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு, இதைப் படித்தபோது பொறாமையே உண்டாயிற்று. பரீட்சை இல்லை, பிரம்பு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் கேட்பவர் தம் கூலியில் ஒரு பகுதியை ஈந்து பாடம் கேட்டிருக்கிறார்கள்!

இத்தகைய செவி படைத்தவனிடம் போய், 'இலாபம் இவ்வளவு, நட்டம் இவ்வளவு, கையெழுத்துப் போடு' என்று ஏய்க்க முடியுமா? தனியார் பட்டறைகளில் இடைத்தரகன் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, 'இவை கழிவு' என்று ஒதுக்கிவிட்டால் அந்த உழைப்புக்குக் காசில்லை. ஒதுக்கிய பீடியோ அவன் மூட்டைக்குள் போகும். 'ஏன் கழிவு?' என்று கேட்க வாய் உள்ளவர்கள் கூட்டுறவில் இருந்தார்கள். நிருவாகவியல் நூல்கள் தேடி அலையும் 'ஈடுபாடு' என்பது நமக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விதான்.

தினேஷ் கூட்டுறவு உருவாக்கிய பொருள் புகையிலை என்பதையும் மறைக்கவேண்டா. உடலுக்குக் கேடு. புகைப்பழக்கம் குறைந்ததும், வரியும் சட்டமும் இறுகியதும் நல்லவையே. ஆனால் அவற்றால் வேலை சுருங்கியது. குடை, உணவுப்பொருள், ஆடை என்று அக்கூட்டுறவு மாறிச் செல்ல நேர்ந்தது. பெண்கள் பெருந்தொகையாய் உழைத்த அளவுக்குத் தலைமை நாற்காலிகளில் அமரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே ஊர்ப்பக்கத்து மனிதர் ஏ.கே. கோபாலன். காபி போர்டு நடத்திவந்த காபி விடுதிகளை மூட முடிவாகி, ஊழியர்கள் வேலை இழந்தபோது, 'நீங்களே நடத்துங்கள்' என்று அவர்களைத் திரட்டியவர் அவர். 1957-இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவு பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் டில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் இந்தியன் காபி ஹவுஸ் திறந்தது. கோப்பை கழுவியவர் பரிமாறுபவராகி, பரிமாறியவர் மேலாளராகும் வழி அங்கே உண்டு. எல்லாம் சரி. நமக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை: விசிறிபோல் விரிந்த அந்தத் தலைப்பாகை எதற்கு? துரைமார்க்கும் ஜமீன்தார்க்கும் தட்டேந்தி நின்ற பணியாளன் அணிந்த கோலமன்றோ அது! கடைக்கு உடையவன் ஆனபின்னும் பணியாளின் சின்னத்தைத் தலையில் சுமக்கலாமா? அழகுக்கென்று சொல்வார்கள். அடிமைத்தனத்தின் பழைய துணிகள் எப்போதும் அழகாய்த்தான் தைக்கப்பட்டிருக்கும்.

பங்கு, வாக்கு, அறிவு மூன்றும் இருந்தும் சிக்கல் வருமா? வரும். கடல் கடந்து ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் மலைப்பகுதிக்குச் சென்றால் அதைக் காணலாம். மோன்ட்ராகோன் என்னும் சிற்றூருக்கு 1941-இல் அரிஸ்மெண்டியாரியெட்டா என்னும் இளம் பாதிரியார் வந்தார். பாதிரியாரைப் பாராட்டுவதா என்று தோழர்கள் முகம் சுளிக்கவேண்டா. அவர் கோயில் கட்டத் தொடங்கவில்லை. 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அப்பள்ளியிற் பயின்ற ஐவர், 1956-இல் உல்கோர் என்ற பட்டறையைத் தொடங்கினர். ஐவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அவசரக்காரர்கள் இந்தப் பதின்மூன்றைக் கவனிக்கவேண்டும். உறுப்பினர்க்கு ஆளுக்கொரு வாக்கு. உச்ச ஊதியம் அடிமட்ட ஊதியத்தின் மும்மடங்கைத் தாண்டலாகாது என்பது தொடக்க கால விதி. பின்னாளில் அந்த வரம்பு தளர்ந்தது.

1974-இல் உல்கோரில் வேலைகளைத் தரம் பிரித்து ஊதியம் வகுத்த முறை கண்டு ஒரு பகுதித் தொழிலாளர் சினந்து, வேலைநிறுத்தம் செய்தனர். 'முதலாளிகளே நீங்கள்; உங்களுக்கு எதிராக நீங்களே வேலைநிறுத்தமா?' என்று விதி காட்டி, முன்னின்ற பதினேழு பேரை வெளியேற்றினார்கள். 1978-இல்தான் அவர்களைத் திரும்ப ஏற்கப் பேரவை இசைந்தது. அந்த நான்காண்டு நம்மை உறுத்துகிறது. வாக்கு இருக்கிறதே, பிறகென்ன முணுமுணுப்பு என்று கேட்பது ஆள்வோரின் இயல்பு. ஆண்டுக்கொரு நாள் வாக்கு. மீதி நாளெல்லாம் மேற்பார்வையாளர்! அந்த மீதி நாள்களில் வாய் திறக்க உரிமை இல்லையேல், வாக்குச்சீட்டும் பாராட்டு மடல்போல் ஆகிவிடும். கூட்டுறவிலும் தொழிற்சங்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டும் என்பதே நம் விடை. தன்னாட்சி பெற்ற நாட்டுக்கு எதிர்க்கட்சி வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லையே.

மோன்ட்ராகோன் குழுமத்தின் மூத்த பிள்ளையான அந்நிறுவனம், ஃபாகோர் என்ற பெயரில் வளர்ந்து, 2013-இல் திவாலானது. அப்போது பாஸ்க் நாட்டு உறுப்பினர் பலருக்குக் குழுமத்தின் பிற கூட்டுறவுகள் இடமளித்தன. தோழமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் போலந்திலும் பிரான்சிலும் அதே நிறுவனத்துக்காக உழைத்தவர்கள்? அவர்கள் உறுப்பினர் அல்லர், கூலியாட்கள். உடையவர்க்கு இருந்த அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

நம் கேள்வி முழுதும் இங்கேதான் வந்து முட்டுகிறது. தொழிலாளர் உடைமையின் மிகப் பெரிய பகை சோம்பலும் அன்று, ஊக்கக்குறைவும் அன்று, வாயிற்கதவு. உள்ளே வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நிற்பவனைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளும் அந்த வேளையிலே, 'பங்குடையோன், பங்கிலான்' என்று இரண்டு சாதி பிறந்துவிடுகிறது. அச்சாதிக்கும் தொழில் உண்டு, எல்லை உண்டு, காரணம் சொல்லும் சாத்திரமும் உண்டு. ஊராளுங்கல் சங்கமே இதற்கு விலக்கில்லை. உறுப்பினர் பட்டியலைவிட அங்கே உழைப்போர் பட்டியல் பன்மடங்கு நீளம். வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் கேரளத்துக் கட்டுமானத் தொழில் எங்கணும் நிறைந்திருக்கிறார்கள். அச்சங்கத்தின் பணித்தலங்களிலும் அவர்கள் உண்டு. கூலியிலும் உணவிலும் உறைவிடத்திலும் தனியார் ஒப்பந்தக்காரரைவிட அச்சங்கம் மேலாகவே நடத்துகிறது என்பார்கள், ஏற்போம். ஆனால் 1925-இல் நிலக்கிழார் ஒருவர், 'வேலை தருகிறேன், சோறும் நன்றாய்ப் போடுகிறேன், சங்கம் மட்டும் வேண்டா' என்று சொல்லியிருந்தால், அந்தப் பதினால்வர் 'சரி' என்று சொல்லியிருப்பார்களா?

'அவர்கள் வந்து போகிறவர்கள். நிலைத்து நில்லாதவர்க்கு உறுப்பினர் உரிமை எப்படி?' என்பது அதற்குச் சொல்லப்படும் சாத்திரம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆறு மாதம் இருந்து ஊர் திரும்புகிறவன், இருபதாண்டுக் கடனுக்கு வாக்களிப்பது முறையாகாது. ஆனால் இத்தனை நாள் உழைத்தவனுக்கு இந்த உரிமை என்று விதி வகுப்பது அரிய கலையா? அவன் மொழியிலே கணக்கைச் சொல்லவும், பணித்தலக் கூட்டத்தில் அவனைப் பேசவிடவும், போகிற போது அவன் பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாதா? மூவாயிரம் கல் கொண்டு மேம்பாலம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒரு படி கட்டத் தெரியாதா?

பிறர் வீட்டுக் கதவைப் பற்றி இவ்வளவு பேசிய பின், நம் வீட்டைப் பாராதிருப்பது நேர்மையன்று. தமிழகத்தில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் துணியை விற்கும் கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. தறியில் அமர்ந்தவனே உறுப்பினன், அவனே உடையவன். சட்டப்படி! நடப்பில், தேர்தலின்றித் தனி அலுவலர் ஆட்சியிலேயே கூட்டுறவுகள் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை நாடறியும். ஊக்கமில்லை, ஈடுபாடில்லை, நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டு ஓடுகிறார்கள் என்று மேடையில் வருந்துகிறோம். அவனுக்கு என்ன கொடுத்தோம்? பாவும் ஊடையும் கொடுத்தோம், கூலி கொடுத்தோம், பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னோம்.

நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை நெசவாளர். முப்பது ஆண்டுகளாகச் சங்க உறுப்பினர். அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பங்குத்தொகை செலுத்திய ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பிலே கிழிந்திருந்தது. "பேரவைக் கூட்டம் எப்போது நடக்கும், பெரியவரே?" என்று கேட்டோம்.

"கூட்டமா? நோட்டு வரும் வாத்தியாரய்யா. கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம்."

"நோட்டில் என்ன எழுதியிருக்கும்?"

அவர் சிரித்தார். சற்று நேரம் கழித்து, பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். சங்கத்தின் துணைவிதிப் புத்தகம். சேர்ந்த காலத்தில் கொடுத்ததாம். அட்டை மட்டும் பழுத்திருந்தது, உள்ளே ஒரு தாளும் புரட்டப்படவில்லை. "இதை யாராவது உரக்கப் படிச்சுச் சொன்னா, தறியை ஓட்டிக்கிட்டே கேட்பேன்" என்றார். தறியின் ஓசையில் காதில் விழாதே என்றோம். "அப்போ ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றார்.

சென்ற ஞாயிறு சென்றோம். அவர் திண்ணையில் அறுவர் இருந்தனர், இருவர் பெண்கள். பதினோராவது விதி வரை படித்தோம். உறுப்பினர் கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமை பற்றிய இடம் வந்ததும், அந்தப் பெண்களுள் ஒருவர், "அதை இன்னொரு தடவை படிங்க" என்றார்.